சம்பந்தி குடித்த தண்ணீர்

ஏப்ரல் 29, திங்கள்

மன்னார் வளைகுடாவின் பாளையங்கோட்டைக் கிளை இன்று காலை பத்தரை மணிக்கு என் வீட்டு ஹாலில் திறந்துவைக்கப்பட்டது. நீளம் மூன்றடி. கொள்ளளவு நூற்றைம்பது லிட்டர். கப்பல் போக்குவரத்து இன்னும் தொடங்கவில்லை.

வரலாறு இப்படி. என் தங்கை மகள் வடிவுக்கு ஜூன் பன்னிரண்டில் கல்யாணம். தாய்மாமன் சீராக என்ன வேண்டும் என்று கேட்டேன். வெள்ளிக் குத்துவிளக்கா, பீரோவா, யானையா? கேட்டால் யானையைக் கொண்டுவந்து வாசலில் கட்டுகிறவன் நான் என்பது ஊருக்கே தெரியும். அவள் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஆசையும் அந்தத் திசையிலேயே போயிருக்கிறது.

"எனக்குக் கடல்தண்ணி மீன்தொட்டி வேணும் மாமா. கடையில வாங்கி அப்படியே தூக்கித் தரக் கூடாது. ஆறு வாரம் ஒங்க வீட்டுல வச்சு, தண்ணியப் பழக்கி, மீன் விட்டு, உசுரோட தரணும்."

"ஏளா, யானையே லேசு போலுக்கே" என்றேன்.

இரண்டாவது கோரிக்கையும் உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தின் சொதியை நானே என் கையால் வைக்க வேண்டுமாம். இதைக் கோரிக்கை என்பதே பிழை. சூரியனிடம் போய்க் கிழக்கே உதிக்கச் சொல்லி யாராவது மனுக் கொடுப்பார்களா? முப்பத்தாறு வருஷமாக இந்த ஜில்லாவில் சமையல்காரன் ஆவுடையப்பனாகிய என் சொதி இல்லாமல் மறுவீடு முடித்த மாப்பிள்ளைகள் இன்றுவரை மாமனார் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. சொதிக்கான தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, எலுமிச்சம்பழம் எல்லாம் எல்லாரிடமும் இருக்கின்றன. உப்பைச் சொல்லும் நாக்கு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒருமுறை நான் உப்புப் பார்த்த ரசத்தைக் குடித்து, பத்து வருஷம் மனைவியோடு பேசாமல் இருந்த ஒருவர் பேச ஆரம்பித்தார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

மே 2, வியாழன்

இன்று கடல் தயாரித்தோம்.

மீன்தொட்டிக்கென்றே ஓர் உப்பு மூட்டையில் வருகிறது. வடிவு லீவு போட்டு வந்திருந்தாள். கலக்குவதற்காக என் பெரிய பித்தளை அண்டாவை இறக்கிக்கொண்டு வந்தேன். அவள் அலறினாள்.

"பித்தளை ஆகாது மாமா! மீன் செத்துரும்!"

"இதுல பாயசம் குடிச்சு ஆயிரம் பேரு பிழைச்சிருக்கான்."

"அவங்க அதுக்குள்ள குடியிருக்கல்லயே மாமா."

அண்டா அவமானத்தோடு பரணுக்குத் திரும்பியது. பிளாஸ்டிக் டிரம் வந்தது. சுத்திகரித்த கேன் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கினாள். பிறகு பையிலிருந்து கண்ணாடி போன்ற ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். உள்ளே ஒரு முள். தண்ணீரை மொண்டால் உப்புக்குத் தக்கபடி முள் ஏறும், இறங்கும்.

"முள்ளு இருபத்தஞ்சுல நிக்கணும். தெனமும் பாருங்க. வெயிலுக்குத் தொட்டித் தண்ணி வத்தும். தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு போகாது. அதனால கொறையுற அளவுக்கு வெறும் தண்ணி மட்டும் ஊத்துங்க. உப்புத்தண்ணி ஊத்திராதிய. கேட்டியளா?"

தலையாட்டினேன். தலையாட்டுவது வேறு, சம்மதிப்பது வேறு. அரசியலில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

அவள் போனதும் முள்பெட்டியை ஷோகேஸில், சமையல் சங்கம் எனக்குத் தந்த கோப்பைக்குப் பின்னால் வைத்தேன். ஆறாயிரம் பேர் சாப்பிட்ட சாம்பாருக்கு உப்புப் பார்த்தவன் நூற்றைம்பது லிட்டருக்கு முள்ளைப் பார்ப்பதா? விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு குறைவு. சின்னப் பெண், கை அடக்கிப் போட்டிருக்கிறாள்.

மே 4, சனி

ரசம் நானே வைத்தேன். என் மனைவி பகவதி வழக்கமாக என் ரசத்தைக் குறை சொல்வதற்காகவே இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடிப்பாள். இன்று குறையே சொல்லவில்லை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது.

தொட்டியில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. மிச்சமிருந்த உப்புத்தண்ணீரை ஊற்றினேன். ருசி பார்த்தேன். வெளுவெளுவென்றிருந்தது. ஒரு கை உப்பும் போட்டேன்.

மே 8, புதன்

மகாராஜநகரில் ஒரு வளைகாப்பு. எண்பது பேர்தான், விரல் நுனியால் சமைக்கிற கூட்டம். என் வலதுகை பேச்சிமுத்து கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரியாக இருக்கிறான். இருபது வருஷமாக என்னோடு இருப்பவன். உப்பு டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான்.

"அண்ணாச்சி, நீங்க அந்த ஃபேனுக்கடியில உக்காருங்க. உப்பு நான் போட்டுக்கிடுதேன்."

"ஏல, நீ உப்பு போடவா நான் வந்தேன்?"

"இல்ல, ஒங்களுக்கு இப்பத்தான ஒடம்பு சரியாச்சு…"

பங்குனியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது உண்மை. ஒன்பது நாள் இருந்துவிட்டு, என் புகழைக் கேள்விப்பட்டுப் பயந்து ஓடிப்போனது. அதற்காக இன்னும் என்னை நோயாளியாக நடத்துகிறான். டப்பாவைப் பிடுங்கி நானே போட்டேன்.

விருந்து அமர்க்களம். ஆனால் குடிதண்ணீர் கேன் பாதியிலேயே தீர்ந்து, மேலும் இரண்டு கேன் வரவழைத்தார்கள். வெயில் அப்படி.

மே 12, ஞாயிறு

முதல் குடிமகன் வந்து சேர்ந்தான்.

தூத்துக்குடியில் லூர்து என்பவரின் மீன்கடைக்கு வடிவு கூட்டிப் போனாள். சுவரெல்லாம் தொட்டி, தொட்டியெல்லாம் வானவில். அவர் காட்டியது டாம்செல் என்கிற சாதி. பண்ணையில் பொரித்து வளர்த்த மீன். பழைய எட்டணா அளவுதான் இருக்கும். மை கொட்டினாற்போல் நீலம்.

"புதுத் தொட்டிக்கு இதான் அண்ணாச்சி தோது. கல்லு மாதிரி. எதையும் தாங்கும்" என்றார் லூர்து. "ஒரே ஒரு கொணம். மொத ஆளா உள்ள போயி எடம் பிடிச்சிட்டான்னா, பின்னால வாரவன நிம்மதியா இருக்க விடமாட்டான்."

வீட்டுக்கு வந்து, வடிவு சொன்னபடி பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு மணி நேரச் சடங்குக்குப் பிறகு உள்ளே விட்டோம். அவள் கேட்டாள்: "உப்பு பாத்தியளா மாமா?" "காலையிலதான் பாத்தேன்" என்றேன். பொய் இல்லை. எதை வைத்துப் பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை.

எட்டணா ஆசாமி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். ஒவ்வொரு பாறையையும் முறைத்தான். நடுப்பாறைக்குக் கீழே இருந்த குகையில் போய் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, 'பந்தலில் ஃபேன் எங்கே? எனக்குத் தனி இலை எங்கே?' என்பதுபோல் பார்த்தான். அக்கணமே பெயர் கிடைத்துவிட்டது: சம்பந்தி.

மே 14, செவ்வாய்

சம்பந்திக்குக் காலை ஒரு சிட்டிகை, மாலை ஒரு சிட்டிகை தீனி. என் விரலைக் கடிக்க வருகிறார். எட்டணா அளவில் ஒரு சுறா.

பக்கத்து அடுக்களையில் பால் தீய்ந்து அடிப்பிடித்து, பகவதி கொல்லையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். நான் அடுப்பிலிருந்து பத்தடி தூரத்தில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒங்களுக்கு வாடையே வரல்லயா?" என்றாள். தியானத்தில் இருந்தேன் என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

இந்த வருஷம் பெருங்காயத்தில் கலப்படம் எல்லை மீறிவிட்டது. டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தால் ஒன்றுமே இல்லை. காப்பித்தூளும் அப்படியே. நாடு எங்கே போகிறது?

மே 17, வெள்ளி

மேலும் இரண்டு டாம்செல்கள். இவை வால் மட்டும் மஞ்சள். நீலப்புடவைக்கு மஞ்சள் முந்தானைபோல் அடக்கமான அழகு. பெண் வீட்டார் என்று பெயரிட்டேன்.

சம்பந்தி செய்த அட்டகாசத்தை எழுத இந்த டயரி போதாது. தீனி போட்டால் மூன்று பேர் பங்கையும் அவரே உண்கிறார். பெண் வீட்டார் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, அவர் கொட்டாவி விடும் நேரம் பார்த்து ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு ஓடுகிறார்கள். முந்தி வந்தவர் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி என்ன?

தண்ணீர் ஊற்றினேன். உப்புத்தண்ணீர்தான். வெறும் தண்ணீரை ஊற்றினால் ருசி கெட்டுவிடுகிறது.

மே 20, திங்கள்

மனிதச் சம்பந்தி இன்று விஜயம் செய்தார். வடிவின் வருங்கால மாமனார், குற்றாலலிங்கம் அவர்கள். தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டையரானவர். சாப்பாட்டில் இந்தியாவே அஞ்சும் நீதிபதி என்று கேள்வி. விருந்து விஷயம் பேச வந்தவருக்கு ஒரு முன்னோட்டமாகச் சொதியே வைத்துவிட்டேன். கூட உருளைக்கிழங்குக் கறி, இஞ்சிப் பச்சடி.

முதல் கவளம் எடுத்தார். கண்ணை மூடினார். திறக்க வெகுநேரமாயிற்று. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மறுவீட்டுக்குச் சமையல்… நீங்களேதான் பண்ணப் போறியளா?"

"என் கையாலேயே!"

"வேற ஆளு யாரும் ஒத்தாசைக்கு…?"

எவ்வளவு பெரிய மனசு! இந்த வயதில் நான் சிரமப்படக் கூடாதே என்று கவலை. பகவதி அடுக்களை வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நெகிழ்ச்சி போலும்.

கிளம்பும்போது அவர் தொட்டியைப் பார்த்தார். குகையிலிருந்து தலைநீட்டி முறைத்த நீல ஆசாமியைக் காட்டி, "இதுக்குப் பேரு வச்சிருக்கியளா?" என்றார்.

"சம்…" என்று ஆரம்பித்ததை விழுங்கினேன். "பெரியவர்" என்றேன்.

"பொருத்தம்தான்" என்றார்.

மே 23, வியாழன்

தொட்டியில் ஏதோ சரியில்லை. பெண் வீட்டார் இருவரும் நிறம் மங்கி, மூச்சு வாங்குகிறார்கள். செவுள் தையல் மிஷின்போல் அடிக்கிறது. தீனி தொடவில்லை. சம்பந்திகூட இன்று யாரையும் துரத்தவில்லை.

தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் கிணற்றுத் தண்ணீர். பாவம், கடல் மீன் நல்ல தண்ணீரில் என்ன செய்யும்? உடனே ஓர் அரைப்படி உப்பைக் கரைத்து ஊற்றினேன்.

மே 24, வெள்ளி

பெண் வீட்டாரில் ஒருவர் காலமானார்.

கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தேன். சம்பந்திதான் காரணம். ஒரு வாரமாகத் துரத்தித் துரத்தி அடித்தார். மற்றவர் குழாய்க்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறார்.

மே 25, சனி

வடிவு நாளை வருகிறாள். சம்பந்தி மீது குற்றப்பத்திரிகை தயார்.

மே 26, ஞாயிறு

வந்தாள். தொட்டி முன்னால் குனிந்தாள். நான் குற்றப்பத்திரிகையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, "முள்ளுப்பெட்டி எங்க மாமா?" என்றாள்.

கோப்பைக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தேன். மேலே மூன்று வாரத் தூசி. அவள் தூசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கழுவி, தொட்டித் தண்ணீரை மொண்டாள்.

முள் இருபத்தைந்தைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. கோடுகள் முடிந்த இடத்தில் போய் மேலே தலையை முட்டிக்கொண்டு நின்றது.

"இது என்ன மாமா, தொட்டியா, ஊறுகா பரணியா?"

"அந்தப் பெட்டி கெட்டுப்போச்சு. நான் தெனமும் நாக்குல வச்சுப் பாக்கேன். உப்பே இல்ல."

அவள் அடுக்களைக்குப் போய் மூன்று டம்ளர் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். "ஒண்ணு கேன் தண்ணி. ஒண்ணு இப்ப நான் இருபத்தஞ்சுக்குக் கலந்தது. ஒண்ணு தொட்டித் தண்ணி. நாக்குல வச்சுத் துப்புங்க. எது எதுன்னு சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே எடுத்தேன். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது. மறுபடி முதலாவது. பகவதி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

நான் ஒரு தீர்ப்பு வழங்கினேன். தீர்ப்பின் விவரம் இங்கே அவசியமில்லை.

வடிவு டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தாள். தொட்டியிலிருந்து ஐந்து லிட்டர் எடுத்துவிட்டு, அந்த அளவுக்குக் கேன் தண்ணீரை மெதுவாக விட்டாள். ஒரேயடியாக இறக்கக் கூடாதாம், நாளுக்குக் கொஞ்சமாக இரண்டு வாரம் இறக்க வேண்டுமாம். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"கடல் மீனு எப்பவும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும் மாமா. சுத்தி இருக்கிற உப்பு அது ஒடம்புத் தண்ணிய இழுத்துரும். உப்பு கூடக் கூட, இன்னும் குடிக்கும். முடியாமப் போயிதான் அது செத்திருக்கு."

மே 27, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை.

மே 28, செவ்வாய்

டயரியைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

மே நான்கு: பகவதி, இரண்டு டம்ளர். மே எட்டு: கூடுதலாக இரண்டு கேன். மே இருபது: மூன்று டம்ளர். என் கையெழுத்தில், என் பேனாவால், பக்கத்துக்குப் பக்கம் யாராவது தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பகவதியைக் கூப்பிட்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"காச்ச விட்ட மூணாம் நாளு. கொத்தமல்லித் துவையல்ல உப்பே இல்லன்னு மறுபடி மறுபடி அள்ளிப் போட்டிய."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புற ஆளா நீங்க? நானும் பேச்சிமுத்தும் சமாளிச்சுக்கிடலாம்னு பாத்தோம். நீங்க அந்தப் பக்கம் திரும்பினா நான் கொழம்புல தண்ணி விடுவேன். மண்டபத்துல அவன் உப்பு டப்பாவ ஒளிச்சு வப்பான். அந்த வளைகாப்புல தோத்துட்டான். சம்பந்தி வந்த அன்னிக்கு எனக்கு நேரம் கெடைக்கல." முந்தானையைச் செருகிக்கொண்டு, "சரியாப் போயிரும்னு நெனச்சேன்" என்றாள்.

ஆக, என் முதுகுக்குப் பின்னால் இரண்டு மாதமாக ஓர் உளவுப்படை இயங்கியிருக்கிறது. நாடுகள் இதற்காகப் போர் தொடுத்திருக்கின்றன. நான் ஒரு டம்ளர் மோர் கேட்டேன். உப்பு அவளே போட்டாள்.

சம்பந்தி அவர்களே, உம்மீது சாட்டிய கொலைக்குற்றத்தை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். எழுத்து மூலமாக மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். நீர் முரடர்தான். கொலைகாரர் நான்.

மே 31, வெள்ளி

காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனோம். காய்ச்சல் மூக்கு நரம்பையும் நாக்கு நரம்பையும் கெடுத்துவிட்டதாம். கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சை என்று தினமும் காலையும் மாலையும் முகரச் சொன்னார். நரம்பு திரும்பினாலும் திரும்பலாமாம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகுமாம். திரும்பாமலும் போகலாமாம். டாக்டர்கள் எல்லாக் கதவையும் திறந்துவைத்துப் பேசுவதில் வல்லவர்கள்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்.

முள் முப்பதில். இறங்குகிறது. குழாய்க்குப் பின்னால் கிடந்தவர் இன்று எழுந்து இரண்டு துணுக்குச் சாப்பிட்டார். உடனே சம்பந்திக்கும் உடம்பு தேறிவிட்டது. அவரைத் துரத்த ஆரம்பித்தார். லூர்துக்குப் போன் போட்டேன்.

"பாறையெல்லாம் மாத்தி வையுங்க அண்ணாச்சி. அந்தக் கொகையக் கலைச்சிருங்க. தன் வீடு எதுன்னு தெரியாமப் போச்சுன்னா, அவனும் புதுசா வந்தவன் மாதிரி கப்சிப்னு இருப்பான்."

கையைவிட்டுப் பாறைகளைப் புரட்டினேன். குகை போனது. சம்பந்தி அரைமணி நேரம் நடுத்தொட்டியில் நின்று, தன் பட்டாவைத் தேடினார். பிறகு ஒரு மூலையில் போய்ப் பேசாமல் நின்றார். பெண் வீட்டார் அவர் பக்கமாகவே நீந்திப் போனார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

நான் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது.

ஜூன் 4, செவ்வாய்

முள் இருபத்தேழு.

விஞ்ஞான ஆராய்ச்சி: முள்பெட்டியால் ரசத்தில் உப்புப் பார்க்க முடியுமா? தக்காளித் தோல் மாட்டி முள் நின்றுவிட்டது. மிளகு ஒன்று உள்ளே போய் வெளிவர மறுத்தது. பகவதி தலையில் அடித்துக்கொண்டாள். உலகம் இன்னும் என் அளவுக்கு முன்னேறவில்லை.

ஜூன் 8, சனி

முள் இருபத்தைந்து. நிமிர்ந்து நிற்கிறது. தூத்துக்குடிக்குப் போய் இறந்தவருக்குப் பதிலாக ஒரு மஞ்சள் வாலை வாங்கிவந்தேன். பாறைகளை இன்னொரு தரம் கலைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். சண்டை இல்லை.

பேச்சிமுத்து வந்தான். சாமான் லிஸ்டைப் படித்துக் காட்டிவிட்டு, போகாமல் நின்றான்.

"அக்கா எல்லாம் சொன்னாவ."

"ம்."

"யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணாச்சி. சொதிய நான் முன்னாலயே சரி பண்ணி வச்சிருதேன். நீங்க வழக்கம்போல கையில வாங்கி, நாக்குல வச்சு, கண்ண மூடித் தலைய ஆட்டுங்க. போதும். பேரு ஒங்க பேருதான்."

நல்ல யோசனை. ராஜதந்திரமாகவே பட்டது. மன்னர்கள் பலர் இப்படித்தான் ஆண்டார்கள். சரி என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 11, செவ்வாய்

தாய்மாமன் சீர் புறப்பட்டது. தொட்டியையும் பாறைகளையும் காலையிலேயே மாப்பிள்ளை வீட்டு ஹாலில் வைத்தாயிற்று. மாலையில் ஊர்வலம். முன்னால் நாதஸ்வரம். பின்னால் பட்டுப்புடவைத் தட்டு, பழத்தட்டு, பூத்தட்டு, நூற்றியெட்டு லட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், மூடிபோட்ட வெள்ளை பிளாஸ்டிக் வாளியை நான் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் உள்ளே தவில் வாசித்துக்கொண்டிருந்தது.

"வாளியில என்ன மாமா, சாம்பாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கடல்" என்றேன். ஒதுங்கி வழிவிட்டார்கள்.

புது இடம், புது அடுக்கு, மூவருக்கும் ஒரே நேரத்தில் குடிபுகல். ஊர் வழக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கூடவே வந்த வடிவு, தலையில் பூவும் கையில் மருதாணியுமாக முள்ளைப் பார்த்தாள். இருபத்தைந்து. என் கையைப் பிடித்தாள். மருதாணி இன்னும் காயவில்லை. என் வெள்ளைச் சட்டைக் கையில் அப்பிக்கொண்டது. பகவதி அதைத் துவைக்கப் பார்த்தாள், விடவில்லை.

ஜூன் 12, புதன்

கல்யாணம். மாப்பிள்ளை நல்லசிவன் தாலி கட்டினார். விண்ணில் தேவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்ததால் இரண்டு தூறல் விழுந்தது. சமையல் பேச்சிமுத்து பொறுப்பு. நாளைதான் என் நாள்.

ஜூன் 13, வியாழன்

மண்டபத்துப் பின்கட்டு. முந்நூறு பேருக்குச் சொதி. முதல் பால், இரண்டாம் பால், பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ் எல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். கண்ணும் கையும் காதும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. பால் திரியப் போகும் ஓசையைக் கேட்டு அடுப்பை இறக்கச் சொல்ல இந்த ஜில்லாவில் வேறு காது கிடையாது.

கடைசியில் அந்த நேரம் வந்தது. முப்பத்தாறு வருஷப் பழக்கம்: உப்புப் பார்க்கும்போது பின்கட்டே ஓய்ந்து நிற்கும். என் ஆட்கள் பன்னிரண்டு பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். பேச்சிமுத்து கரண்டியில் மொண்டு, என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டான். என் கண்ணையே பார்த்து, லேசாக இமைத்தான். எல்லாம் சரி என்று அர்த்தம்.

நாக்கில் வைத்தேன். சூடு இருந்தது. வழுவழுப்பு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வாசலில் பகவதி நின்றாள். அவளுக்குப் பின்னால் புதுப்புடவையில் வடிவு.

தலையை ஆட்டினால் போதும். இதே தலையாட்டலைத்தான் மூன்று வாரம் அந்தத் தொட்டிக்கு முன்னாலும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏல பேச்சி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எனக்கு உப்பு தெரியல. காச்சலுக்கு அப்புறம் நாக்கு செத்துப்போச்சு. ஒன் கையில ஊத்திப் பாரு."

எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் குரல் எப்போதுமே கொஞ்சம் பெரிதுதான். வள்ளியூர் வரை கேட்டிருக்கும். பன்னிரண்டு பேரில் ஒருவன்கூட அசையவில்லை. பேச்சிமுத்து கரண்டியை எடுத்தான். தன் உள்ளங்கையில் விட்டு, நக்கினான். முன்னாலேயே சரி பண்ணி வைத்தவன் 'சரி' என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் கண்ணை மூடினான். உண்மையாகவே யோசித்தான்.

"இன்னும் ரெண்டு கை போடலாம் அண்ணாச்சி. எலுமிச்சம்பழம் பிழியணும்லா, அதுக்குத் தாங்கும்."

"அப்ப போடுல. என்னையப் பாத்துக்கிட்டு நிக்க!"

போட்டான். பின்கட்டுக்கு உயிர் வந்தது. வடிவு உள்ளே வந்து, கல்யாணப் பெண் என்ற மரியாதையையெல்லாம் விட்டுவிட்டு, என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

பந்தி பரிமாறப்பட்டது. நான் குற்றாலலிங்கம் அவர்கள் இலைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் கவளம் எடுத்தார். கண்ணை மூடினார். திறந்தார். இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டார். மறுபடி சொதி கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். "யார் வச்சது?" என்றார். "எங்க பேச்சிமுத்து" என்றேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நாளைக் காலை கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சை முகர வேண்டும். டயரிக்கு ஒரு முக்கியமான தகவல் மட்டும் பாக்கி. குகையை இழந்த சம்பந்தி புது வீட்டில் நலம். கடல் மீன் என்பதால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார். மற்றச் சம்பந்தியின் இலையோரம் இருந்த டம்ளரை நான் கடைசி வரை கண்கொட்டாமல் பார்த்திருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.